நூற்றுப் பன்னிரண்டு பேய்களும் ஒரு கையெழுத்தும்

போன திங்கட்கிழமை காலை. பல் துலக்கிக்கொண்டிருக்கிறேன். வாசலில் ஒரு பெண். இருபது, இருபத்தோரு வயது இருக்கும். கையில் நான்காக மடித்த பத்திரிகை.

"இதை நீங்கதானே எழுதுனீங்க?"

வாய் நிறைய நுரை. தலையை மட்டும் ஆட்டினேன். வாசகர் யாராவது வீடு தேடி வந்துவிட்டால் எனக்கு உச்சி குளிர்ந்துபோகும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே! அவசரமாக வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "உட்காரும்மா... காபி சாப்பிடறியா?" என்று உபசாரத்தை ஆரம்பித்தேன்.

"காபியெல்லாம் வாணாம் சார். உங்களாலதான் என் படிப்பே போச்சு."

காலங்கார்த்தாலே இப்படி ஒரு விமர்சனம்!

பத்திரிகையை விரித்துக் காட்டினாள். என் பத்திதான். ஒரு வரியின் கீழே பென்சிலால் அழுத்தமாகக் கோடு. மூன்று வாரத்துக்கு முன் நான் எழுதியது... படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

செஞ்சி கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கும் கமால் பாய் என் சிநேகிதர். குவைத்தில் வேலை பார்க்கும் அவருடைய தம்பி லீவில் வந்தபோது ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். பெரிதாகக் கற்பனை செய்யாதீர்கள். ஒரு ஸ்லேட்டு அளவுதான். அதிலிருந்து டி.வி.க்கு ஒரு ஒயர், டேப் ரிக்கார்டருக்கு ஒரு ஒயர். நாம் பாட்டு கேட்கிற அதே மாதிரி கேசட். போட்டால் பாட்டு வராது. தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி எட்டு நிமிஷம் ஒரு கத்தல். கத்தல் சரியாக ஏறவில்லை என்றால் பாய் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டேப்பின் ஹெட்டை ஒரு மயிரிழை திருப்புவார். மறுபடி எட்டு நிமிஷம்.

அப்புறம் டி.வி.யில் ஒரு கோட்டை விரியும் பாருங்கள்... அடடா!

பூமிக்குக் கீழே ஏழு மாடி. ஒவ்வொன்றிலும் சுவர், சந்து, பூட்டிய கதவு. சாவி எங்கோ கிடக்கும். கடுகளவு ஒரு ஆள். அவன்தான் நான். மூலைக்கு மூலை பொந்துகள். பொந்துக்குள்ளிருந்து பேய்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு பட்டனை அமுக்கினால் என் ஆள் அம்பு விடுவான். பேய் காலி! திரையின் ஓரத்தில் அவனுடைய உயிர் ஒரு எண்ணாக ஓடும். ஐநூறில் ஆரம்பித்து விநாடிக்கு ஒன்று குறையும். அதுதான் பசி. பேய் இடித்தால் பத்து குறையும். வழியில் பழம் கிடைத்தால் ஐம்பது ஏறும், கோழிக்கால் கிடைத்தால் நூறு.

இவ்வளவையும் அந்த ஸ்லேட்டுக்குள் அடைத்தவன் எவனோ, அவன் கையில் ஒரு மோதிரம் போட வேண்டும்! நிஜக் கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றாலே தெரிகிறது. அதில் ஏறி எத்தனையோ வருஷமாயிற்று. இந்தப் புள்ளிக் கோட்டைக்குள் நான் இறங்காத சாயங்காலமே இல்லை.

இதைத்தான் எழுதியிருந்தேன். எழுதியதோடு விட்டேனா? கடைசியில் ஒரு பெருமை வேறு: 'நேற்று ஒரே மூச்சில் நூற்றுப் பன்னிரண்டு பேய்களைக் கொன்றேன். இனி எல்லாமே கம்ப்யூட்டர்தான் வாசகர்களே!'

பென்சில் கோடு அந்த வரியின் கீழேதான் இருந்தது.

"கோடு போட்டது எங்க நைனா" என்றாள்.

அவள் பெயர் ஜெயமாலா. ஊர் மேல்சித்தாமூர். சமணக் குடும்பம். எறும்பு ஊர்கிற இடத்தில் கால் வைக்க மாட்டார்கள். பொழுது சாய்ந்தால் சாப்பாட்டில் கை வைக்க மாட்டார்கள். கணக்கில் டிகிரி முடித்திருக்கிறாள். மெட்ராஸில் ஒரு வருஷக் கம்ப்யூட்டர் படிப்பு. பரீட்சை எழுதி இடமும் கிடைத்துவிட்டது. சேர்க்கை விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் தபாலில் சேர்த்தாக வேண்டும். அவர் பேனாவை எடுத்த நேரம் பார்த்தா என் பத்தி அவர் கண்ணில் பட வேண்டும்?

"'கம்ப்யூட்டர்னா இதானா? ஒரு வருஷம் உக்காந்து கொல்லக் கத்துக்கவா உன்ன மெட்ராஸ் அனுப்பணும்?'னு கேக்குறாரு சார். நான் இன்னா பதில் சொல்றது?"

தமாஷாக எழுதினேன் அம்மா, சத்தியமாகத் தமாஷாகத்தான் எழுதினேன்!

"வா, நானே வந்து பேசறேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவளுடைய அப்பா ஸ்ரீபால் அன்று மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, விற்க மூட்டைகளோடு மார்க்கெட் கமிட்டிக்கு வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வெள்ளை வேட்டி, நிதானமான பேச்சு. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். எழுந்து நிற்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

"வாரம் தவறாம படிக்கறேன் சார் உங்க எழுத்த" என்றார்.

"அதுல நான் எழுதுனது... அது சும்மா ஒரு விளையாட்டுங்க."

"அப்ப நீங்க எழுதுனது பொய்யா சார்?"

பாருங்கள் என் நிலைமையை. பொய் என்றால் என் பிழைப்பு போச்சு. நிஜம் என்றால் பெண்ணின் படிப்பு போச்சு.

"பேய்ன்னா நெஜப் பேய் இல்லீங்க. வெறும் புள்ளி. உசுரே கிடையாது."

"மாவுல கோழி செஞ்சு அதை வெட்டுனாலும் எங்களுக்குப் பாவந்தான் சார். மாவுக்கு உசுரு இல்ல. ஆனா வெட்டணும்னு நெனைச்ச மனசு இருக்குது இல்ல?"

மெட்ராஸில் பெரிய பெரிய மேடைகளில் பேசுகிறவர்களோடெல்லாம் வாதம் செய்திருக்கிறேன். இவரிடம் என் வாதம் ஒரு மாவுக் கோழியோடு முடிந்துவிட்டது.

அப்போதுதான் பக்கத்தில் நின்ற ஜெயமாலா சொன்னாள்: "அதைக் கொல்லாமயே ஆடலாம் நைனா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அந்த ஆட்டத்தைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

ஸ்ரீபால் மகள் பக்கம் திரும்பினார். "சரி. வியாழக்கிழமை மத்தியானம் வரேன். ஒண்ணகூடக் கொல்லாம கடைசிக் கதவு வரைக்கும் போயிக் காட்டு. கையெழுத்துப் போடறேன். இல்லன்னா இந்தப் பேச்சை வுட்டுடணும்."

அன்றையும் சேர்த்து மூன்றே நாள்.

கமால் பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். "அல்லாவே! அம்பு வுடாம அந்தக் கோட்டையில எப்பிடி சார் போறது? நானே மூணாவது மாடிக்கு அப்பால எட்டிப் பாத்ததில்ல" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்தாலும் கடையின் பின்னறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் மனைவி ஜமீலா கூடவே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வயசுப் பொண்ணு, நான் கூட இருக்கேன்" என்றார். இருந்தவர் வேடிக்கை பார்க்கவில்லை; பூண்டு உரித்தபடி ஆட்டம் முழுவதையும் கற்றுக்கொண்டுவிட்டார்.

முதல் நாள் ஜெயமாலா ஆடவே இல்லை. என்னை ஆடச் சொன்னாள். அவள் ஒரு கிராஃப் நோட்டை வைத்துக்கொண்டு சுவர்களை வரைந்தாள். ஒரு கட்டத்துக்கு ஒரு அடி. பொந்து இங்கே, பழம் இங்கே, சாவி இங்கே.

நான் வழக்கம்போல் படபடவென்று அம்பு விட்டுக்கொண்டிருந்தேன்.

"சார், ஒண்ணு கவனிச்சீங்களா?" என்றாள். "இந்தப் பேய்ங்க நேரா உங்களப் பாத்துத்தான் வருது. சுவரைச் சுத்தி வர அதுங்களுக்குத் தெரியல. நடுவுல ஒரு தூண் இருந்தா அங்கியே முட்டிக்கினு நிக்கிது."

பார்த்தேன். ஆமாம்! தூணுக்கு அந்தப் பக்கம் ஆறு பேய்கள் அசடு வழிய நின்றன. இத்தனை நாள் இது என் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? அதற்குள்தான் கொன்றுவிடுகிறேனே!

"இன்னொண்ணு சார். ஒண்ணக் கொன்னா ஒடனே பொந்துலேர்ந்து இன்னொண்ணு வருது. கொல்லாம வுட்டா எட்டோட நிக்கிது. அதுக்கு மேல வர்றதே இல்ல."

அடக் கடவுளே. நூற்றுப் பன்னிரண்டு பேய்களையும் வரவழைத்ததே நான்தானா?

அன்று வீட்டுக்குப் போகும்போது யோசித்துக்கொண்டே போனேன். இந்த மாதிரி வேறெங்கெல்லாம் நான் தேவையில்லாமல் பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்? ஆபீசில்? அக்கம்பக்கத்தில்? என் மனைவியிடம் கேட்டுப் பார்த்தேன். பட்டியல் தயாராக வைத்திருந்தாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் மத்தியானம் முழுக்க ஜெயமாலா ஆடினாள். ஆடினாள் என்பதைவிட நடந்தாள் என்று சொல்லலாம். தூணுக்குத் தூண் ஒதுங்கி, பேய்களை ஒரு பக்கம் இழுத்து நிறுத்திவிட்டு, மறுபக்கம் நழுவி. ஒருமுறை கை தவறி அம்பு பட்டனில் விரல் பட்டுவிட்டது. ஒரு பேய் காலி. "ஐயையோ" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஆட்டத்தையே நிறுத்திவிட்டாள். பாய் உடனே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து அந்தப் பட்டனின்மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டார். "இனிமே நீயே நெனைச்சாலும் கொல்ல முடியாதும்மா!"

புதன்கிழமை நாலு மணிக்குக் கடைசிக் கதவைத் தாண்டிவிட்டாள். ஜமீலா பூண்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். நான் பாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை இரண்டு மணிக்கு ஸ்ரீபால் வந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். விண்ணப்பம் டி.வி.யின்மேல் இருந்தது. எட்டு நிமிஷக் கத்தலைச் சகித்துக்கொண்டார். கோட்டை வந்தது.

முதல் மாடி. ஒரு பேய் நேராக வந்தது. ஜெயமாலா தூணுக்குப் பின்னால் போனாள். பேய் முட்டிக்கொண்டு நின்றது. ஸ்ரீபாலின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது மாடியில் திரையின் ஒரு மூலையைக் காட்டி, "அது இன்னா சார்?" என்று என்னைக் கேட்டார்.

"கோழிக்கால். தொட்டா சாப்பிட்ட மாதிரி. நூறு ஏறும்."

"ம்" என்றார். ஜெயமாலா அதைச் சுற்றிக்கொண்டு போய், தூரத்தில் கிடந்த பழத்தை எடுத்தாள். நான் இதைப் பற்றி அவளிடம் பேசியதே இல்லை. ஆடிய இரண்டு நாளும் அவள் பழம் மட்டும் எடுத்துத்தான் ஆடினாள். பழம் குறைவு, அதற்குப் போகிற வழி நீளம். கிராஃப் நோட்டில் அதற்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

நான்காவது மாடியில் மனிதர் நாற்காலி நுனியிலிருந்து இன்னும் முன்னால் வந்துவிட்டார். ஐந்தாவது மாடியில், "பாத்து, பாத்து! பின்னால ஒண்ணு வருது!" என்று கத்தியது யார் என்று நினைக்கிறீர்கள்? ஸ்ரீபால்தான்! கத்திவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாக இருப்பதுபோல் பாவனை.

ஏழாவது மாடியில் இறங்கும்போது உயிர் தொண்ணூற்றாறு. போதும். தாராளமாகப் போதும்.

அந்த நேரம் பார்த்து நம்ம ஊர் கரண்ட் தன் வேலையைக் காட்டியது. வோல்ட்டேஜ் இறங்கி, டி.வி. படம் சுருங்கிச் சுருங்கி நடுவில் ஒரு கோடாகிவிட்டது. கம்ப்யூட்டர் அணையவில்லை, ஆட்டம் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருந்தது. எங்களுக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை. பாய் பாய்ந்து போய் ஸ்டெபிலைசர் குமிழைத் திருகினார். படம் திரும்ப வந்தபோது அந்தச் சின்ன ஆளைச் சுற்றிப் பேய்கள். இடித்து, இடித்து... உயிர் முப்பத்தெட்டு.

ஜெயமாலா எப்படியோ நழுவி வெளியே வந்துவிட்டாள். அங்கே இரண்டு வழி. இடது பக்கம் நாற்பது கட்டம். வலது பக்கம் ஒரு சந்து, பதினெட்டே கட்டம், நேராகக் கடைசிக் கதவு. ஆனால் ஒரு ஆள் மட்டும் போகக்கூடிய அந்தச் சந்தின் நடுவில் ஒரு கோழிக்கால் கிடந்தது. அதைத் தொடாமல் தாண்டவே முடியாது.

கட்டத்துக்கு ஒரு விநாடி. முப்பத்தெட்டில் நாற்பது போகாது. கணக்கு டிகிரி படிக்காத எனக்கே தெரிந்தது.

"வலது பக்கம் போம்மா!" என்று பாய் கத்தினார்.

"அது வெறும் நாலு புள்ளி ஜெயா! கொல்லக் கூடாதுன்னுதான் பேச்சு! போ!" என்று நானும் கத்தினேன்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்" என்றார் ஜமீலா.

ஜெயமாலா நோட்டைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இடது பக்கம் திரும்பினாள்.

இருபது... பத்து... ஐந்து... ஒருவேளை நான் தப்பாக எண்ணியிருப்பேனோ என்று ஒரு நப்பாசை. மூன்று, இரண்டு, ஒன்று. கதவுக்கு இரண்டு கட்டம் முன்னால் அந்தச் சின்ன ஆள் சுருண்டு விழுந்து எலும்பாகிவிட்டான்.

திரையில் ஸ்கோர் மட்டும் நின்றது: பூஜ்யம். இந்த ஆட்டத்தில் கொன்றால்தான் ஸ்கோர்.

ஜெயமாலா நோட்டை மூடினாள். "தோத்துட்டேன் நைனா" என்றாள். "வாங்க போலாம்."

எல்லாம் என் ஒரு வரியால் வந்த வினை. காலில் விழுந்தாவது கேட்டுவிடுவது என்று, "சார், கரண்ட் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன். ஸ்ரீபால் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தச் சந்துல போயிருந்தா கதவு கெடைச்சிருக்கும் இல்ல சார்?"

"கெடைச்சிருக்கும்."

"அது இவளுக்குத் தெரியுமா?"

"கட்டம் கட்டமா எழுதி வச்சிருக்கா. நல்லாத் தெரியும்."

"கோழிக்காலப் பத்தி நான் ஒண்ணுமே சொல்லலியே சார். கொல்லக் கூடாதுன்னு மட்டுந்தானே சொன்னேன்?"

"ஆமாம்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"உங்ககிட்ட மறைக்கறதுக்கு இன்னா இருக்குது சார்... பேயும் இல்ல, பூதமும் இல்ல. மெட்ராஸ்ல ஒரு வருஷம் ஹாஸ்டல்ல இருக்கணும் இந்தப் பொண்ணு. புது ஊரு. நாலு பேரு நாலு தினுசா சாப்புடுவாங்க. இதுக்குப் பசிக்கும். பக்கத்துல நான் இருக்க மாட்டேன். அந்தப் பயந்தான் எனக்கு. அதச் சொன்னா, 'என்ன நம்பலியா நைனா'ன்னு அழுவும். உங்க எழுத்து கையில கெடைச்சுது. பழிய அது மேல போட்டுட்டேன்."

ஜெயமாலா நிமிர்ந்து பார்த்தாள்.

"பேனா குடுங்க சார்."

டி.வி.யின்மேல் வைத்தே கையெழுத்துப் போட்டார். பெரிய, நிதானமான கையெழுத்து. ஜமீலா ஜெயமாலாவை இழுத்து அணைத்துக்கொண்டார். அந்தப் பெண் அப்போதுதான் விசும்பி விசும்பி அழுதாள். பாய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டெபிலைசரைத் தட்டிக்கொண்டிருந்தார். அதில் ஒரு கோளாறும் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம்?

நானும் ஆடியிருக்கிறேன் இந்த ஆட்டத்தை, எத்தனையோ சாயங்காலம். கோட்டை ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். அதற்குள் இப்படி ஒரு ஆட்டம் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்னும் பிரமிப்பாக இருக்கிறது. அதை உள்ளே வைத்து அனுப்பிய அந்த ஊர் பேர் தெரியாத ஆளையும்தான்.

கிளம்பும்போது ஸ்ரீபால் வாசலில் தயங்கி நின்றார். பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போக வேண்டியவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"ஒரு ஒத்தாசை சார். ஹாஸ்டல் வார்டனுக்கு இங்கிலீஷ்ல ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க. இது பொழுது போனா சாப்புடாது. ஆறு மணிக்கு முன்னால ஒரு வாய் சோறு போட்டுடணும்னு... நல்ல வார்த்தையா எழுதுங்க. நீங்க எழுதுனா கேப்பாங்க."

பாய் கடை மேஜையிலேயே உட்கார்ந்து, நான்கு தடவை அடித்துத் திருத்தி எழுதிக் கொடுத்தேன்.

இத்தனை வருஷமாக எழுதுகிறேன்... நான் எழுதியதைப் படித்து ஒருத்தருக்குச் சோறு கிடைக்கப்போவது இதுதான் முதல் தடவை.